பாதியில் நின்ற ஒட்டுப் போர்வை: முடிப்பது முறையா?

கந்தை என்ற சொல் தமிழில் வறுமையின் அடையாளமாகவே வழங்கி வருகிறது. பத்துப்பாட்டுள் ஒன்றான பொருநராற்றுப்படையில் முடத்தாமக்கண்ணியார் ஒரு பொருநனின் ஆடையைக் காட்டுகிறார். ஈரும் பேனும் குடியிருக்கும் ஆடை அது; வியர்வையில் நனைந்தது; கிழிந்த இடமெல்லாம் வேறு நூல் நுழைத்துத் தைக்கப்பட்டது. கரிகாலன் அதைக் களையச் செய்து, பாம்பின் உரி போன்ற மெல்லிய பூவேலைத் துகிலைக் கொடுக்கிறான். நாம் கரிகாலனின் கொடையைப் பாராட்டிவிட்டு அடுத்த அடிக்குப் போய்விடுகிறோம். அந்தக் கிழிசலில் வேற்று நூல் கோத்த கை யாருடையது என்று கேட்பதில்லை.

தைத்தலுக்குத் ‘துன்னம்’ என்பது பழஞ்சொல். சிலப்பதிகாரத்தில் இந்திர விழவூரெடுத்த காதை பூம்புகாரின் தொழிலாளர்களை வரிசைப்படுத்தும்போது துன்னகாரரையும் சேர்த்துச் சொல்கிறது. ஆக, தொழிலாகத் தைத்தவனுக்கு இலக்கியத்தில் ஓர் இடம் உண்டு. வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, பழைய துணியை வெட்டிச் சேர்த்துப் பிள்ளைகளுக்குப் போர்வை செய்தவளுக்கு அப்படி ஓர் இடம் இல்லை. இக்கட்டுரை அத்தகைய ஒருத்தியின் கைவேலையைப் பற்றியது. கோலார் தங்கவயல் ஆண்டர்சன்பேட்டையில் என் கொள்ளுப்பாட்டி தொடங்கி, பாதியில் விட்டுச் சென்ற ஓர் ஒட்டுப் போர்வையின் மேல்முகம் எங்கள் குடும்பத்துக்கு வந்து சேர்ந்தது. அதை முடிக்கலாமா, கூடாதா, முடித்தால் எப்படி முடிப்பது என்பதே கேள்வி. கேள்வி சிறியதுதான். ஆனால் முன்னோர் விட்டுச் சென்ற எதையும் நாம் எப்படிக் கையாள்கிறோம் என்ற பெரிய கேள்வி அதற்குள் அடங்கியிருக்கிறது.

போர்வையின் உறுப்புகள்

ஒட்டுப் போர்வைக்கு மூன்று அடுக்கு. வெட்டிய துண்டுகளைச் சேர்த்துத் தைத்தது மேல்முகம். நடுவில் பஞ்சு அல்லது பழைய துணி. கீழே அடித்துணி. மூன்றையும் சேர்த்துப் பிடிப்பது ஓட்டத் தையல்: ஊசியை மேலும் கீழுமாக நேர்கோட்டில் ஓட்டிக்கொண்டே போவது. இந்தியா முழுவதும் இந்த வேலை உண்டு. வங்காளத்தில் காந்தா, பீகாரில் சுஜனி, சிந்து, ராஜஸ்தான் பக்கம் ரல்லி, மராட்டியில் கோதடி, கன்னடத்தில் கவுதி. வங்கக் காந்தா, வடமொழிக் கந்தா, நம் கந்தை மூன்றும் உறவுச் சொற்கள். ஒரு பகுதியில் அருங்காட்சியகத்துக்குப் போன சொல், நம்மிடத்தில் வசவாகத் தங்கிவிட்டது.

ஆண்டர்சன்பேட்டைக் குளிரை அறிந்தவர்களுக்குப் போர்வையின் அருமையைச் சொல்ல வேண்டியதில்லை. தங்கவயல் கடல் மட்டத்துக்கு மேல் ஏறக்குறைய 2,800 அடி உயரத்தில் இருக்கிறது. மார்கழி, தை மாதங்களில் விடியற்காலை வேலைக்குப் போனவர்களும், இரவு வேலை முடித்து வந்தவர்களும் அந்தக் குளிரைப் பற்றிப் பேசாமல் இருந்ததில்லை. வட ஆற்காடு, சேலம், சித்தூர்ப் பக்கங்களிலிருந்து வந்தவர்களுக்கு அது பழக்கமில்லாத குளிர்.

எங்களுக்கு வந்த மேல்முகத்தில் ஆறு அங்குலச் சதுரத் துண்டுகள் வரிசைக்கு ஒன்பது. பதினோரு வரிசை முழுமை. பன்னிரண்டாம் வரிசையில் ஐந்து துண்டுகளோடு தையல் நின்றுவிட்டது. ஆக மொத்தம் 104 துண்டுகள், நான்கு குறை. ஐந்தாம் துண்டின் ஓரத்தில் ஊசி குத்தியபடியே இருந்து துருப்பிடித்த ஒரு பொட்டு. உள் அடுக்கும் இல்லை, அடித்துணியும் இல்லை. என் ஆயா அதை டிரங்குப் பெட்டியில் வசம்பும் அந்துருண்டையும் போட்டு வைத்திருந்தார். கேட்டால், “அம்மாவுக்குக் கண்ணு மங்கிப்போச்சு, அதோட நிறுத்திட்டாங்க. கோத்த ஊசி கோத்தபடியே கீது பாரு” என்பார்.

துணியை வாசித்தல்

ஓர் ஓலைச்சுவடியைக் கையில் எடுத்தால் எழுத்தின் வடிவம், ஓலையின் நிலை, பாடல் எண்ணிக்கை என்று பார்க்கிறோம். துணியையும் அப்படி வாசிக்கலாம். இந்த 104 துண்டுகளில் டெரிலினோ நைலானோ ஒன்றுகூட இல்லை. அவை 1960களில்தான் நம் கடைகளில் பரவலாகக் கிடைத்தன. ஆகவே வேலை அதற்கு முந்தியது. சீட்டித் துணி, சுங்குடி, மல், கட்டம் போட்ட லுங்கி, பாப்ளின் பாவாடை எல்லாம் இருக்கின்றன. பதினேழு துண்டுகள் கனத்த காக்கி.

காக்கி எங்கே வைக்கப்பட்டிருக்கிறது என்பதுதான் கவனிக்கத்தக்கது. பதினேழும் ஒரே பக்கத்தில், கால் படும் முனையில் இருக்கின்றன. முகத்தருகே வருவதெல்லாம் மெல்லிய மல்லும் சீட்டியும். போர்வை முதலில் தேய்வது கால்மாட்டில் என்பதை அறிந்த கை இது. உழைப்பாளியின் காற்சட்டையில் முழங்கால் முதலில் நைந்துபோகும். இந்தக் காக்கித் துண்டுகளில் நைந்த இடமே இல்லை. நல்ல பாகமாகப் பார்த்து வெட்டி எடுத்திருக்கிறார். துண்டுகளின் அளவும் ஒன்றுபோல இருக்கிறது. ஓர் அட்டையையோ தகட்டையோ வைத்து அளந்து வெட்டியிருந்தால்தான் இப்படி வரும். அங்குலத்துக்கு ஏழெட்டுத் தையல்.

இன்னொன்று. வட கர்நாடகக் கவுதியில் பழைய புடவை அடுக்குகளை விரித்து, அதன்மேல் துண்டுகளை வைத்து, எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் சேர்த்துத் தைத்துவிடுவார்கள். மேல்முகம் என்று தனியாக ஒன்று இருக்காது. துண்டோடு துண்டை ஓரம் சேர்த்து முதலில் மேல்முகம் செய்து, பிறகு மற்ற அடுக்குகளோடு பிணைப்பது ஐரோப்பிய, அமெரிக்க வழக்கம். தங்கவயலில் கார்ன்வாலிலிருந்து வந்த சுரங்கக்காரர் குடும்பங்களும் இருந்தன, சுற்றிலும் கன்னட நாடும் இருந்தது. என் கொள்ளுப்பாட்டியின் வேலை கட்டமைப்பில் ஒன்றையும், பழந்துணியில் மற்றொன்றையும் ஒத்திருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் வாழ்ந்த ஒரு தமிழ்ப் பெண்ணின் வேலை என்று மட்டும் சொன்னால் போதும்.

இவ்வளவும் எதற்காகச் சொல்கிறேன் என்றால், இது கிழிசலை மறைக்கப் போட்ட ஒட்டு அல்ல. அளந்து, தேர்ந்து, எது எங்கே என்று முடிவு செய்து சேர்த்த ஆக்கம். ஆக்கம் என்றால் ஆக்கியவர் ஒருவர் இருக்கிறார். ஆக்கியவர் இருந்தால், அதைத் தொடும் பின்னவருக்குச் சில கடமைகளும் இருக்கின்றன.

குடும்பத்தில் எழுந்த கருத்துகள்

ஆயா காலமான பிறகு இதை என்ன செய்வது என்று பேச்சு வந்தது. பங்குக்கு உரியவர்கள் ஆறு பேர். பெரியம்மா சொன்னார்: “பேசாம ஆளுக்கொரு துண்டா வெட்டிக் கொடுத்துடுங்கடி. எல்லார் வீட்லயும் ஒரு ஞாபகம் இருக்கும்.” நிலத்தைப் பங்கு போடுவது போல இதையும் போடலாம் என்பது அவர் எண்ணம். அன்பினால் சொன்னதுதான். ஆனால் நிலத்தை ஆறாகப் பிரித்தாலும் ஒவ்வொன்றும் நிலமாகவே இருக்கும். போர்வையை ஆறாகப் பிரித்தால் ஒன்றுகூடப் போர்வையாக இராது. காக்கி ஏன் கால்மாட்டில் இருக்கிறது என்ற செய்தியும் கத்தரியோடு போய்விடும்.

அண்ணன் ஒருவர் கண்ணாடிச் சட்டம் போடலாம் என்றார். “கை வெச்சா அவ்ளோதாம்மா, வேல்யூ போயிடும்” என்பது அவர் வாதம். இதில் நியாயம் உண்டு. பழம்பொருளில் புதிதாகச் செய்யும் எந்த வேலையும் பழைய சான்றை மறைக்கக்கூடும். இந்தியத் தொல்பொருள் சட்டம் 1972-இல் வந்தது. அதன்படி பொதுவாக நூறாண்டு கடந்த பொருளே தொல்பொருள். எங்கள் மேல்முகத்துக்கு அந்த வயதுக்கு இன்னும் சில ஆண்டுகள் குறைவு. சட்டம் எப்படியிருந்தாலும், கண்ணாடிக்குள் செங்குத்தாகத் தொங்கும் பழைய துணி தன் எடையாலேயே தையல் விட்டுப்போகும். வெளிச்சம் சாயத்தைத் தின்னும். தொடாமல் வைப்பது என்பது காப்பாற்றுவது ஆகிவிடாது.

ராபர்ட்சன்பேட்டையில் தையற்கடை வைத்திருந்த மாமா, “எங்கிட்ட குடு, மிசின்ல ஒரே நாள்ல முடிச்சுத் தரேன்” என்றார். அவர் கைத்திறனில் எனக்குச் சந்தேகமே இல்லை. தையல் மிசினைக் குறைத்துப் பேசுவது என் நோக்கமும் அல்ல. எத்தனையோ குடும்பங்களுக்கு அது சோறு போட்டிருக்கிறது. ஆனால் மிசின் தையல் நெருக்கமாகவும் இறுக்கமாகவும் விழும். புதுத் துணி தாங்கும். எண்பது ஆண்டுப் பழைய மல் துணியில் அந்தத் துளை வரிசை தபால்தலை ஓரம் போல ஆகி, இழுத்தால் வரியோடு கிழிந்துவிடும். கை ஓட்டத் தையலில் இடைவெளி உண்டு. துணி அசைந்தால் நூலும் கொஞ்சம் அசைந்து கொடுக்கும்.

எல்லாவற்றிலும் என்னை அதிகம் யோசிக்க வைத்தது சின்னத் தாத்தாவின் சொல்தான். “கந்தலைத் தெச்சிப் போத்திக்கினு கெடந்தோம்னு நாமளே ஊருக்குச் சொல்லணுமா?” என்று கேட்டார். இதை எளிதாகத் தள்ளிவிட முடியாது. தங்கவயல் தொழிலாளர்களில் பெரும்பான்மையோர் ஒடுக்கப்பட்ட சாதிகளிலிருந்து வந்தவர்கள். நல்ல துணி உடுத்துவது அவர்களுக்கு ஒரு உரிமைப் போராட்டம். 1927-இல் மகாட் மாநாட்டில் அண்ணல் அம்பேத்கர் பெண்களைத் தனியே அழைத்துப் பேசியபோது, சேலை கட்டும் முறையையும் அணிகலன்களையும் மாற்றச் சொன்னார். தாழ்வின் அடையாளங்களை உடம்பிலிருந்து அகற்றச் சொன்னார். அந்த வழியில் தலை நிமிர்ந்த ஒரு தலைமுறை, கந்தையைத் திரும்பக் கையில் எடுக்கத் தயங்குவது இயல்பே.

என் மறுமொழி இது. பிறர் நம்மேல் சுமத்திய கந்தை வேறு. நம்மவள் அளந்து வெட்டிச் செய்த போர்வை வேறு. முன்னதைக் களைந்ததற்காகப் பின்னதையும் களைய வேண்டியதில்லை. இரண்டையும் ஒன்றாகப் பார்ப்பதுதான், அவளைப் பார்த்தவர்கள் செய்த பிழை. அதை நாமும் செய்ய வேண்டாம்.

முடியாத நூல்கள் தரும் பாடம்

தமிழ் இலக்கிய உலகம் இந்தச் சிக்கலைப் பலமுறை சந்தித்திருக்கிறது. அதிலிருந்து மூன்று வழிகளை எடுத்துக்கொள்ளலாம்.

முதலாவது உ.வே.சாமிநாதையர் வழி. 1894-இல் அவர் பதிப்பித்த புறநானூற்றில் 267, 268ஆம் பாடல்கள் இல்லை. பிற்பகுதியில் பல பாடல்களில் அடிகள் சிதைந்திருக்கின்றன. அந்த இடங்களில் ஐயர் புள்ளி வைத்தார். அவருக்கு இருந்த புலமைக்கு, ஓசை கெடாமல் ஓரிரு அடி இட்டு நிரப்புவது பெரிய காரியம் அல்ல. நிரப்பியிருந்தால் எது சங்கப் புலவர் சொல், எது ஐயர் சொல் என்று நமக்குத் தெரியாமலே போயிருக்கும்.

இரண்டாவது வழி, நின்ற இடத்திலேயே நிறுத்துவது. பாரதியாரின் சின்னச் சங்கரன் கதையும் சந்திரிகையின் கதையும் முற்றுப்பெறவில்லை. அவை அப்படியே அச்சாகி, அப்படியே படிக்கப்படுகின்றன. யாரும் முடித்து வைக்க வேண்டும் என்று நாம் எதிர்பார்ப்பதும் இல்லை.

மூன்றாவது, வாரிசு முடிப்பது. கல்கி 1954 டிசம்பர் 5-இல் மறைந்தபோது அமரதாரா தொடர்கதை முடியவில்லை. அவர் வைத்திருந்த குறிப்புகளைக் கொண்டு மகள் ஆனந்தி அதை நிறைவு செய்தார். வடமொழியில் பாணரின் காதம்பரியை அவர் மகன் முடித்தது பழைய எடுத்துக்காட்டு. இரண்டிலும் யார் எதுவரை எழுதினார் என்பது மறைக்கப்படவில்லை. அதனால்தான் இரண்டும் மதிக்கப்படுகின்றன.

போர்வைக்கு எந்த வழி பொருந்தும்? முடியாத கதையைப் படிக்கலாம். முடியாத போர்வையைப் போர்த்த முடியாது. படிப்பதற்காகச் செய்த பொருள் குறையோடு பயன்படும். குளிருக்காகச் செய்த பொருள் குறையோடு பயன்படாது. ஆகவே பாரதி வழி இங்கே உதவாது. எஞ்சியவை இரண்டு: ஆனந்தி வழியில் முடிக்க வேண்டும், குறைந்த நான்கு துண்டுகளில் ஐயர் வழியில் புள்ளி வைக்க வேண்டும். இதுவே என் துணிபு.

கட்டடப் பாதுகாப்பிலும் இதே நெறிதான் சொல்லப்படுகிறது. 1964-இல் உருவான வெனிஸ் சாசனம், ஊகம் தொடங்கும் இடத்தில் மீட்பு வேலை நிற்க வேண்டும் என்றும், புதிதாகச் சேர்ப்பது முழுமையோடு இசைந்திருந்தாலும் பழையதிலிருந்து பிரித்தறியக் கூடியதாக இருக்க வேண்டும் என்றும் வகுத்தது. நம் கோயில்களில் வழிபாடு நிற்காமல் திருப்பணி நடப்பதும், பயனில் இருப்பது புதுப்பிக்கப்பட வேண்டும் என்ற எண்ணத்தால்தான். பழுது வருவது, புதியதைப் பழையது போலக் காட்டும்போது.

பிற நாட்டுப் பெண்கள்

அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் ஜீஸ் பெண்ட் என்றொரு சிற்றூர். அடிமைகளாக இருந்த கறுப்பின மக்களின் வழிவந்த பெண்கள் அங்கே உழைப்பாளிகளின் பழைய துணிகளைக் கொண்டு போர்வைகள் தைத்து வந்தார்கள். 2002-இல் ஹூஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்திலும், பிறகு நியூயார்க் விட்னி அருங்காட்சியகத்திலும் அவை காட்சிக்கு வந்தன. 2006-இல் அமெரிக்க அஞ்சல் துறை அவற்றைத் தபால்தலையாக வெளியிட்டது. புகழ் வந்தது, உரிமையும் பணமும் பற்றி அப்பெண்களில் சிலர் 2007-இல் வழக்குத் தொடுக்கவும் நேர்ந்தது. படுக்கையிலிருந்து சுவருக்குப் போன போர்வை யாருடையது என்ற கேள்வி அங்கேயும் எழுந்திருக்கிறது.

தொலைவுக்குப் போக வேண்டாம். நம் கர்நாடகத்திலேயே, எல்லாப்பூர், ஹளியாள், முண்டகோடு வட்டாரங்களில் ஆப்பிரிக்க வழிவந்த சித்தி இன மக்கள் வாழ்கிறார்கள். அவர்கள் பெண்கள் தைக்கும் கவண்டிப் போர்வையில் தையல் ஓரத்திலிருந்து தொடங்கிச் சுற்றிச் சுற்றி நடுவுக்கு வரும். நான்கு மூலையிலும் துணியை மடித்துப் பூ வைப்பார்கள். அந்தப் பூ வைத்தால்தான் வேலை முடிந்தது. வங்கக் கவிஞர் ஜசீமுத்தீன் 1929-இல் எழுதிய நக்ஷி காந்தார் மாட் என்னும் கதைப்பாடலில், நாயகி தன் வாழ்க்கையையே காந்தாவில் தைத்து, அதைத் தன் கல்லறை மேல் விரிக்கச் சொல்கிறாள். வங்கத்தார் தம் வீட்டுப் பெண்ணின் ஊசிக்கு ஒரு காவியமே கொடுத்திருக்கிறார்கள்.

கையால் முடித்த முறை

வெறும் கொள்கை பேசினால் போதாது. செய்முறையைச் சொன்னால் இதுபோன்ற துணி வீட்டில் இருப்பவர்களுக்குப் பயன்படும்.

முதலில் மேல்முகத்தை இருபுறமும் நிழற்படம் எடுத்து, துண்டு துண்டாகக் குறிப்பு எழுதினேன். அடித்துணி தைத்துவிட்டால் உட்புறம் பிறகு கண்ணில் படாது. துருப்பொட்டும் குறிப்பில் இருக்கிறது. ஊசியை மட்டும் எடுத்துத் தனியே வைத்தேன்.

சாயம் போகுமா என்று ஒவ்வொரு துணியிலும் ஈர வெள்ளைத் துணியை ஒற்றிப் பார்த்தேன். இரண்டு சிவப்புத் துண்டுகள் சாயம் விட்டதால் முழுத் துணியையும் நனைக்கவில்லை. நிழலில் விரித்துத் தூசி மட்டும் தட்டினேன். சீட்டியில் கறுப்புக் கோடுகள் இருந்த இடம் பொடிந்திருந்தது. பழைய சீட்டியில் இது வழக்கம். இரும்பை ஊறவைத்துச் செய்யும் கறுப்புச் சாயம் நாளாவட்டத்தில் நூலை அரித்துவிடும். சோழமண்டலக் கரையிலிருந்து ஐரோப்பாவுக்குப் போன சீட்டிகளிலும் இதே நோய்தான். அந்தச் சீட்டிகளை இங்கிலாந்துப் பெண்கள் போர்வைகளில் வெட்டி ஒட்டினார்கள்; அவற்றின் ஓட்டத்தைத் தாங்காமல் 1721-இல் அந்நாட்டு நாடாளுமன்றம் தடைச்சட்டமே போட்டது. நைந்த துண்டுகளை அகற்றவில்லை. ஒவ்வொன்றின் பின்னும் மெல்லிய மல் வைத்துத் தாங்கல் கொடுத்தேன்.

நடுவில் பஞ்சு வைக்கவில்லை. பஞ்சு வைத்தால் உருண்டு ஒதுங்காமல் இருக்க நெருங்கத் தைக்க வேண்டும். பழைய துணிக்கு அத்தனை துளை ஆகாது. கவுதி முறையில், தேய்ந்து மெத்தென்றான இரண்டு நூல்சேலைகளை வைத்தேன். ஒன்று ஆயாவுடையது, ஒன்று அம்மாவுடையது. அடித்துணி புதிய காடா. நான்கு அடுக்கையும் தரையில் விரித்து, நீளத் தையல் போட்டுத் தற்காலிகமாகப் பிடித்துக்கொண்டு, நடுவிலிருந்து ஓரத்துக்குத் தைத்தேன். நூல் பருத்திதான். பாலியஸ்டர் நூல் துணியைவிட வலுவானது. இழுபட்டால் நூல் அறாது, துணிதான் அறும். பழைய துணியில் தைக்கும் நூல் துணியைவிடச் சற்று மெலிந்திருப்பது நல்லது. அறுந்தால் நூல் அறட்டும், மறுபடி தைத்துக்கொள்ளலாம்.

கொள்ளுப்பாட்டியின் நூல் வெள்ளை. என் நூல் வேண்டுமென்றே செங்காவி. அவர் தையல் எது, என் தையல் எது என்று என் பேத்திக்கும் தெரிய வேண்டும். இரண்டு அங்குலத்துக்கு ஒரு வரியாக நீளவாக்கில் 27 வரி. ஒரு வரிக்கு இரண்டு மாலை ஆயிற்று.

குறைந்த நான்கு துண்டுகளுக்கு, பழைய துணிக்கடைகளில் தேடினால் அதே காலத்துச் சீட்டி கிடைக்கும் என்று சொன்னார்கள். கிடைக்கலாம். ஆனால் அந்த இடத்தில் அவர் எதை வைக்க நினைத்தார் என்பது அவரோடு போய்விட்டது. வேறு யாருடைய பாவாடையையோ வெட்டி அங்கே வைத்தால் அது இட்டுக்கட்டிய அடி. நான்கு இடத்திலும் சாயமில்லாத வெறும் காடாத் துண்டு வைத்தேன். தூரத்திலிருந்து பார்த்தால் வரிசையின் கடைசியில் நான்கு வெளிறிய கட்டங்கள். அவையே என் நான்கு புள்ளிகள். அடித்துணியின் ஒரு மூலையில் ஊர்ப்பெயர், இரண்டு பேர் பெயர், நான் முடித்த ஆண்டு இவற்றை நூலால் எழுதியிருக்கிறேன்.

முடிவுரை

இப்படி முடித்ததில் இழப்பு இல்லை என்று சொல்ல மாட்டேன். மேல்முகத்தின் பின்புறத்தை இனி நிழற்படத்தில்தான் பார்க்க முடியும். போர்வையாகப் பயன்படுத்தினால் துணி தேயும். தேயட்டும் என்றே முடிவு செய்தோம். ஆறு குடும்பத்துக்கும் முறை வைத்து, குளிர்காலத்தில் ஆளுக்கு ஒரு வாரம் போகிறது. பெரியம்மா கேட்ட பங்கு இப்படி நிறைவேறியது. துணியை வெட்டவில்லை, காலத்தைப் பங்கிட்டோம். சின்னத் தாத்தா மட்டும் இன்னும் போர்த்திக்கொள்ளவில்லை. அவர் மறுப்பையும் இந்த வரலாற்றில் சேர்த்தே எழுத வேண்டும்.

தங்கவயலைப் பற்றி நாம் எழுதும்போது 1880 முதல் ஜான் டெய்லர் கம்பெனி வந்த கதை, 1902-இல் சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்த பெருமை, சாம்பியன் ரீஃப் சுரங்கத்தின் பத்தாயிரம் அடிக்கு மேற்பட்ட ஆழம், 2001 பிப்ரவரி 28-இல் சுரங்கம் மூடிய துயரம் இவற்றைத்தான் திரும்பத் திரும்ப எழுதுகிறோம். கம்பெனி ஏட்டில் ஆணின் பெயரும் எண்ணும் இருந்தன. 1930-இல் தொழிலாளரின் கைரேகையைப் பதிவு செய்ய முயன்றபோது அவர்கள் வேலைநிறுத்தம் செய்து எதிர்த்தார்கள்; அதுவும் வரலாற்றில் இருக்கிறது. அந்த ஆண்களின் காக்கியைத் துவைத்து, நைந்த பின் நல்ல பாகம் பார்த்து வெட்டிய பெண்ணின் கைத்தடம் எந்த ஏட்டிலும் இல்லை. அது இருப்பது இத்தகைய துணிகளில்தான்.

வெளிமாநிலத்தில் வாழும் நம் குடும்பங்கள் வீடு மாறும்போதெல்லாம் முதலில் கழிப்பது பழைய டிரங்குப் பெட்டியைத்தான். கழிக்கும் முன் ஒரு முறை திறந்து பாருங்கள். பாதியில் நின்ற வேலை ஏதேனும் இருந்தால் அதை வாசியுங்கள், குறித்து வையுங்கள், முடிந்தால் கையால் முடியுங்கள். முடிக்கும்போது உங்கள் நூல் வேறு நிறத்தில் இருக்கட்டும்.